ஊடை: இரண்டாம் பதிப்பு

யுவராணி எழுதிய ஊடை என்ற மொழியின் இரண்டாம் பதிப்பு ராஜபாளையத்து ஆலைகளில் ஏறிய செவ்வாய்க்கிழமை, காத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் காத்திருப்பதை விட்டுவிட்டார்கள். ரயில்வே கேட்டில் நின்றவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வெயிலுக்குள் நடந்தார்கள். பாகப்பிரிவினை வழக்கிலேயே தலை நரைத்துப்போன சமுத்திரம், வக்கீலுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் யுவராணியின் அம்மா அங்காளம்மாள், பட்டாளத்து மகனுக்காக ஒதுக்கி மூடி வைத்திருந்த சோற்றை எடுத்து நாய்க்குப் போட்டாள்.

ஊடை, எந்திரங்களுக்குக் கட்டளை எழுதும் மொழி. ஆலை எலக்ட்ரீஷியன்கள் தமிழில் எழுதினால் தறியும் பாய்லரும் கேட்கும்படி, கண்ணுச்சாமியின் பேண்டேஜ் கம்பெனி மாடியறையில் இருந்து யுவராணி அதைச் செய்தாள். சில வருடங்களில் ஊரின் ஆலைகள் எல்லாம் அதற்கு மாறின. அதன் பிறகு மொழியில் ஒரு விதி எப்படியோ அப்படியே அந்த ஆலைகளின் நூலும் இருந்தது. நூல் எப்படியோ அப்படியே அதை உடுத்தியவர்களும் இருந்தார்கள். மழைக்கு முன் தட்டான் தாழப் பறப்பதைப்போல இதையும் ஊரார் ஒரு நடப்பாக எடுத்துக்கொண்டார்கள். முதல் பதிப்பில் காத்திரு என்ற கட்டளைக்கு எல்லை கிடையாது. எதிர்பார்த்த சமிக்ஞை வரும்வரை எந்திரம் நிற்கும். அந்த வருடங்களில் இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு அப்படி ஒரு பொறுமை வந்தது. நிச்சயம் முடிந்த பெண்கள், மாப்பிள்ளை துபாயிலிருந்து வரட்டும் என்று நரை விழும்வரை இருந்தார்கள்.

யுவராணியின் அண்ணன் விஜயபாண்டி வடக்கே எல்லையில் பனிச்சரிவில் காணாமல் போனவன். உடல் கிடைக்கவில்லை. அங்காளம்மாள் அவனுக்காகக் காத்திருக்கத் தொடங்கிய வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலைய வாசலில் ஈரமான பூட்ஸ் தடம் ஒரு சோடி விழுந்தது. தொட்டால் விரல் விறைக்கும். சித்திரை வெயிலிலும் காயாது. கொஞ்ச நாள் கழித்து அதற்கு முன்னால் இன்னொரு சோடி. வருடத்துக்கு ஒரு தெரு என்ற கணக்கில் தடம் வீட்டை நோக்கி வந்தது. ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி ஓட்டினார்கள். ரோடு போட வந்த காண்டிராக்டர் அந்த இடத்தை மட்டும் தார் ஊற்றாமல் விட்டார். இரண்டாம் பதிப்பு வரும்போது தடம் அவர்கள் தெருமுனைப் பால்கோவாக் கடை வரைக்கும் வந்திருந்தது.

இரண்டாம் பதிப்புக்குக் காரணம் மாரிச்சாமி. கண்ணுச்சாமி கம்பெனியில் துணி வெளுக்கும் நீராவி டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் அழுத்தம் காட்டும் மீட்டர் செத்துவிட்டது. அழுத்தம் போதும் என்று அது சொல்லட்டும் என டேங்க் காத்திருந்தது. நீராவி ஏறிக்கொண்டே இருந்தது. மூடி பறந்தபோது மாரிச்சாமி பக்கத்தில் நின்றார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி ஈஸ்வரி அதே டேங்குக்கு வேலைக்கு வந்தாள். முதல் நாள் மாடியேறி வந்து யுவராணியின் முன்னால் நின்றாள்.

"ஏட்டி, ஒன்னைய வைய வரல. ஒண்ணு மட்டும் கேக்கேன். அந்த மிசினு எம்புட்டு நேரமானாலும் பேசாம நிக்கும்னு எழுதி வச்சிருக்கியே, மனுசனுக்கே பொறுமைக்கு ஒரு அளவு உண்டும்லா?"

யுவராணி அன்றே இரண்டாம் பதிப்பை எழுத உட்கார்ந்தாள். அது முடிய மூன்று வருடம் ஆயிற்று. புதிய பதிப்பில் எல்லை சொல்லாத காத்திருப்பே இல்லை என்று ஆக்கினாள். எல்லை கடந்தால் எந்திரம் கைவிட வேண்டும், மூட வேண்டியதை மூட வேண்டும். பழைய நிரல்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒன்றிலும் எல்லை இல்லை. அவற்றை ஓட்ட மறுக்கலாம், எலக்ட்ரீஷியன்கள் திருத்தட்டும் என்று விடலாம்.

"மில்லு ஒரு நாள் நின்னுச்சுன்னா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டாவம்மா," என்றார் கண்ணுச்சாமி. "நீயே ஏதாவது ஒரு அளவப் போட்டு விட்ரு."

போட்டாள். போடும்போது அம்மாவை நினைக்காமல் இல்லை. அதற்கு முந்திய மாதமே வீட்டிலிருந்த நூல் சேலைகளை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, ஊடை எட்டாத சூரத்திலிருந்து வந்த பாலியஸ்டர் சேலைகளை வாங்கி அடுக்கியிருந்தாள். தலையணை உறை, துண்டு, கைப்பிடித் துணி வரைக்கும் மாற்றினாள். "இந்த வேக்காட்டுல நைலக்ஸ உடுத்தச் சொல்லுதியே, ஒனக்குக் கிறுக்கா?" என்று அங்காளம்மாள் ஏசிக்கொண்டே உடுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக்கு வந்த யுவராணி, நாய் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"அவன் வரமாட்டான்த்தா," என்றாள் அம்மா. அழவில்லை. நெடுநாள் இறுக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்ததுபோல அவள் முகம் இருந்தது. "சுகரு காலு வேற, செத்த நேரம் படுக்கேன்." காலை நீட்டினாள். ஆறாத புண்ணைச் சுற்றி வெள்ளைக் கட்டு. கண்ணுச்சாமி கம்பெனிக் கட்டு, ஊடை ஓடும் தறியில் நெய்தது. காலையில் கிளம்பும் அவசரத்தில் யுவராணி தன் கையாலேயே சுற்றி, பத்திரமாக முடிச்சுப் போட்டது.

கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை, விட்டது விட்டதுதான். தெருமுனைக் கடைக்கு ஓடினாள். தடங்களின் முனை திரும்பி, ரயில் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையே கம்பெனி மாடியறையில் உட்கார்ந்து, எல்லையில்லாத காத்திருப்புக்கு ஒரு தனிக் கட்டளை எழுதினாள். ஒரே ஒரு சொல். அதை வெளியிட்டால் அம்மா மறுபடி சோறு எடுத்து வைப்பாள். சுலபமான வாசல் ஒன்று திறந்திருந்தால் எல்லா எலக்ட்ரீஷியனும் அதன் வழியாகத்தான் போவான் என்பதும் தெரியும். அப்படியும் வெளியிடப் போனபோது கீழே சத்தம் கேட்டது. அதே டேங்கில் மீட்டர் மறுபடியும் செத்திருந்தது. டேங்க் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கைவிட்டு, தானே நீராவியை மூடிக்கொண்டது. மூடிமேல் ஒரு கையை ஊன்றியபடி ஈஸ்வரி நின்றிருந்தாள். "ஏம்ல எல்லாரும் பேயறஞ்ச மாரி நிக்கிய? துணி கெட்டுப்போவும், மீட்டர மாத்துங்கல," என்று அதட்டினாள். மாடிப்படியில் நின்று பார்த்த யுவராணி மேலே போய் அந்தச் சொல்லை அழித்தாள்.

வரும்போது வருடக் கணக்கில் வந்த தடம், போகும்போது நாள் கணக்கில் போனது. யுவராணி தினமும் பஸ் ஏறுமுன் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் நடந்தாள். வீட்டில் அம்மாவுக்கு நல்ல தூக்கம் வந்தது, உடம்பு தேறியது, கால் புண் ஆறியது. மகன் பேரைச் சொன்னால், யாரோ நல்ல மனிதரைப் பற்றிக் கேட்டதுபோலத் தலையாட்டினாள்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் தடம் பிளாட்பாரத்துக்கு வந்தது. மதுரை வண்டி நின்று கிளம்பும்வரை யுவராணி தூணோரம் நின்றாள். வண்டி போனபின், துடைப்பானோடு வந்த பாண்டிச்செல்வம் என்ற துப்புரவுக்காரர் தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒங்க ஆளாம்மா?"

"எங்க அண்ணன்."

"அவிய ஏறிட்டாவ. எடம் கெடச்சிருச்சு, சன்னலோரமாத்தான் ஒக்காந்தாவ."

அவர் பினாயில் தெளித்தார். அத்தனை வருடம் காயாத ஈரம் ஒரே இழுப்பில் துடைபட்டுப் போயிற்று. யுவராணி ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனாள்.