நாலரை

மடிக்கணினிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. அதற்குள் மவுஸை இழுத்து, விளையாட்டில் முதுகுக்குப் பின்னால் வரும் நடைபிணத்தைத் திரும்பிச் சுட வேண்டும். மவுஸின் வேகத்தை இரண்டில் வைத்தால், திரும்புவதற்குள் மவுஸ் சுவரில் முட்டியது. எட்டில் வைத்தால், பக்கத்தில் யாராவது தும்மினாலே உலகம் மூன்று சுற்றுச் சுற்றியது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டி நாலரையில் வந்து நின்றார்கள்.

"இதுதான் என் கைக்கு அளவு. யாரும் தொடக் கூடாது, ஒயர்மேன் சார்," என்றாள் கிரேன்காரி.

"உத்தரவு மேடம்," என்றான் புருஷன்.

துறைமுகத்தில் அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. பதினைந்து மாடி உயரத்தில் உட்கார்ந்தபடி, கீழே நின்ற மேஸ்திரியின் தொப்பியைக் கொக்கியால் கழற்றி, தலையை வாரிவிட்டு, மறுபடி மாட்டிவிட்டாளாம். தலை வாரியது மட்டும் பொய். அப்பேர்ப்பட்ட வலது கையில் சதை கரையத் தொடங்கியிருந்தது; அவளைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் ஒரு ரப்பர் பந்தைத் தந்தார். கரைவது நிற்குமா என்று கேட்டதற்கு, மறுபடி பந்தைப் பற்றியே பேசினார். அவள் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிணங்களைப் பிடித்துக்கொண்டாள். ஒரே இழுப்பில் பின்னால் திரும்ப முடிகிறவரை கை இன்னும் கைதான் என்பது அவள் முடிவு.

இரண்டாம் மாதம் ஒரு பிணம் அவளைக் கடித்துவிட்டது. அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தாள். மறுநாள் அவள் குளிக்கப் போனபோது ஒயர்மேன் நாலரையை ஐந்தாக்கினான். செத்த பிணம் மறுபடி செத்தது. அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு ஆறு, ஏழு, எட்டரை. ஒரு சாண் தேவைப்பட்ட இடத்தில் இரண்டு விரற்கடை போதும் என்றானது. "கை பழகிடுச்சுங்க, சும்மா தொட்டாலே திரும்புது," என்றாள். டம்ளரும் சீப்பும் எப்போதோ இடது கைக்குப் போய்விட்டன. வலது கையை விளையாட்டுக்காக மிச்சம் பிடிக்கிறாளாம். அமைப்புகளைத் திறந்து வேக எண்ணை அவள் ஒருநாளும் பார்க்கவில்லை. மெஷினைச் சரிபார்ப்பது ஒயர்மேன், ஓட்டுவது ஆபரேட்டர், ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை என்பது துறைமுகத்து வழக்கம். அங்கேயும் அவளுடைய கிரேனின் கைப்பிடியை அவள் கைக்கு ஏற்றபடி பதமாக்கிக் கொடுத்தவன் அவன்தான்.

பத்துக்கு மேல் எண் இல்லை. பத்துக்கு வந்த வாரம் அவள் சொன்னாள்:

"சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேங்க. திங்கக்கிழமை வந்து ஓட்டிக் காட்டச் சொல்லிட்டார்."

"எதை?"

"கோயில் தேரை. என்ன கேள்வி இது? கிரேனைத்தான்."

முகம் கல்யாணத்தன்று இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. கிரேனுக்குக் கீழே எப்போதும் இருபது பேர் நடமாடுவார்கள். அதன் கைப்பிடியையும் கொஞ்சம் இளக்கிவிட்டால் என்ன என்று ஒயர்மேன் ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்கே சட்டை நனைந்துவிட்டது.

அவள் எதிரிலேயே உட்கார்ந்து அமைப்புகளைத் திறந்தான். பத்தைப் பிடித்து மெதுவாக இடது பக்கம் இழுத்து, நாலரையில் விட்டான்.

"பத்தா இருந்துச்சு?"

"ம்."

"எப்போலேர்ந்து?"

"நீ சாப்பிடாம படுத்தியே... அதுக்கு மறுநாள்லேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"நகருங்க," என்றாள்.

விளையாட்டு தொடங்கியது. அவள் இழுத்தாள். மவுஸ் இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றது. திரையில் கதவு கொஞ்சம் விலகி, நிலைக்கால் தெரிந்தது. அவ்வளவுதான்.

"பத்துலயே வெச்சுடறேம்மா."

"தொடாதீங்க."

இடது கையால் வலது கையை மவுஸோடு சேர்த்துத் தூக்கி, ஆரம்பித்த இடத்திலேயே வைத்தாள். இழுத்தாள். மறுபடி தூக்கி வைத்தாள். திரையில் வெற்றுச் சுவர் துளித்துளியாக நகர்ந்தது. கணினியின் சின்ன ஒலிபெருக்கியில், ஒரு காலை இழுத்து இழுத்து யாரோ நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள்.