சுத்தமான பதிவு

“இப்போ யாரோ கனமான ஆளு உள்ளே வர்றாரு. ரெண்டு எட்டு வெச்சாரு, நின்னுட்டாரு.”

“ஊர்த்தலைவர். வாசல்ல ஷூ கழட்டுறார்,” என்றாள் நெர்மின்.

“அப்புறம் இன்னொண்ணு, விடாம சுத்திச் சுத்தி வருது. ஜெனரேட்டர் ஏதாவது ஓடுதா அங்க?”

நெர்மின் போனைக் காதில் வைத்தபடியே அடுக்களைப் பக்கம் திரும்பினாள். பக்கத்து வீட்டு நெஸிஹே சித்தி அகலப் பாத்திரத்தில் ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். மரக்கரண்டி ஒவ்வொரு சுற்று வரும்போதும் அடுப்பின் கால் தரையில் லேசாகத் தட்டியது.

“ஹல்வா கிண்டுறாங்க, ஹல்தூன். அப்பாவுக்கு.”

இஸ்தான்புல் நிலநடுக்க ஆய்வு அலுவலகத்தில் அவளோடு வேலை செய்யும் ஹல்தூன் மன்னிப்புக் கேட்டான். இறந்தவர் பேரில் ஹல்வா கிண்டும் நாளில் கூப்பிட்டிருக்கக் கூடாது என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. முந்தின இரவிலிருந்து இந்தத் தீவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் சின்னச் சின்ன நடுக்கங்கள் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தன. மனிதர் யாருக்கும் தெரியாத அளவு சிறியவை. அவை ஒரே இடத்தில் நிற்கின்றனவா, கிழக்கே நகர்கின்றனவா என்பதுதான் கேள்வி. கிழக்கே கடலடிப் பாறைப் பிளவு பல தலைமுறைகளாக அசையாமல் இறுகிக் கிடக்கிறது. அது அசைந்தால் பெரும் நிலநடுக்கம்; அதற்கு எதிர்க்கரையில்தான் இஸ்தான்புல் இருக்கிறது. கடலடியில் வைத்திருந்த நடுக்கப் பதிவுக் கருவியை ஏதோ மீன்பிடிப் படகின் வலை இழுத்துப் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த வீட்டின் நிலவறையில் உள்ள ஒன்றுதான்.

“கொஞ்ச நேரம் யாரும் நடக்காம இருந்தா போதும்,” என்றான்.

அவள் கூடத்துக்குப் போய்ச் சொன்னாள். எல்லாரும் தோட்டத்தில் உட்கார முடியுமா என்று கேட்டாள். ஊர்த்தலைவர் முதலில் புரியாமல் விழித்தார். பிறகு, உங்கப்பா ராசிம் நொண்டினாலும் பூனை மாதிரி நடப்பான், நாமதான் எருமைங்க என்று சொல்லிவிட்டு, நுனிக்காலில் வெளியே போனார். இரண்டு பேர் சிரித்து, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார்கள். நெஸிஹே சித்தி மட்டும் நகரவில்லை. கையை எடுத்தால் ரவை கருகிவிடும், பூமி கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றாள்.

தம்பி செதாத் கதவருகே நின்றிருந்தான்.

“மசூதியில அப்பாவைக் குளிப்பாட்டிட்டு இருக்காங்க. உனக்கு இன்னைக்கும் டியூட்டியாக்கா?”

அவன் மற்றவர்களோடு மசூதிக்கு நடந்தான்.

ஆட்கள் போய், ரவையும் இறங்கியதும் வீடு அடங்கியது. நெர்மின் சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்தாள். எழுந்த காலடியை ஹல்தூன் திரையில் பார்த்திருப்பான் என்று மறுபடி உட்கார்ந்தாள்.

கருவியை இங்கே வைக்கச் சொன்னவள் அவள்தான். பாறைமேல் நிற்கும் வீடு, தனியாக ஒரு கிழவர், தீவிலேயே இதைவிடச் சத்தம் குறைந்த இடம் கிடையாது. என்னை வேவு பார்க்கவா என்று அப்பா கேலி செய்தார். கடைசியில் அப்படித்தான் ஆனது. படகுத்துறையில் கயிறு பிடித்த காலத்தில் அவருக்கு ஒரு முழங்கால் போயிருந்தது. காலையில் இஸ்தான்புல் அலுவலகத்தில் திரையைத் திறந்தால் அவர் நடை தெரியும். ஒன்று அழுத்தமாக, ஒன்று மெல்ல. எழுந்துவிட்டார், தேநீர் வைக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். அந்தக் கோடுகளை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்குவாள். தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் போன் செய்வது குறைந்தது. பிறகு நின்றே போனது. அது அவளுக்கு உறைக்கவில்லை. பேசிக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது.

முந்தாநாள் காலை கோடு நேராக இருந்தது. ஒரு காலடி இல்லை. அந்த நிசப்தத்தில் வழக்கமாகத் தட்டுப்படாத துளி நடுக்கங்கள்கூட மணி மணியாகத் தெரிந்தன. அவள் ஹல்தூனைக் கூப்பிட்டுக் காட்டினாள். “பாரேன், இவ்வளவு சுத்தமான பதிவு இந்த ஸ்டேஷன்ல வந்ததே இல்ல.” நாள் முழுவதும் சந்தோஷமாக வேலை செய்தாள். மறுநாள்தான் நெஸிஹே சித்தி ஆள் வைத்துப் பூட்டை உடைத்தாள். அப்பா அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே கிடந்தார்.

போன் அதிர்ந்தது.

“கிடைச்சிடுச்சு. அதே இடத்துலதான் நிக்குது, கிழக்கே வரல.” ஹல்தூன் மூச்சு விட்டான். “இனிமே எல்லாரும் தாராளமா நடக்கலாம். நான் இந்தக் கொத்து எங்க ஆரம்பிச்சதுன்னு பாக்கறேன். மூணு நாள் பதிவையும் முதல்லேர்ந்து எடுத்து—”

“வேண்டாம்,” என்றாள். “அதை விடு. அதைத் திறக்காத. நான் வந்து பாக்கறேன்.”

அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டான்.

அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். நெஸிஹே சித்தி சின்னத் தட்டுகளில் ஹல்வாவை வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். முன்போல் யாரும் மெதுவாக நடக்கவில்லை. நாற்காலிகள் இழுபட்டன, கதவு அடித்துக்கொண்டது. நெர்மினுக்கு அந்த ஓசைகள் வேண்டியிருந்தன. பாத்திரங்களைத் தேவையில்லாமல் இடம் மாற்றி வைத்தாள்.

செதாத் அடுக்களைக்குள் வந்தான். கால்சட்டை முட்டியில் ஈர மண். கொடுத்த தட்டை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான்.

“ரெண்டு நாளாவது ஆயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு மேல சரியா சொல்ல முடியாதாம்,” என்றான். தட்டை மேடைமேல் வைத்துவிட்டு, “கீழ இருக்கே, அது எல்லாத்தையும் எழுதும் இல்ல?” என்றான்.

அவள் குழாயைத் திறந்தாள். நீர் பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் கையை நீட்டிக் குழாயை மூடினான்.

“எப்போன்னு எனக்குத் தெரிய வேணாம்க்கா. விழுந்த பிறகு அவர் தரையைத் தட்டினாரா, அதை மட்டும் பாத்துச் சொல்லு.”