திறக்காத பியூரெட்

அமிலத்தைச் சமன்செய்யத் தேவைப்பட்ட காரத்தின் அளவு, இருபத்து மூன்று நோட்டுகளில் 19.6 மில்லி என்று இருந்தது. ஒன்றில் மட்டும் 16.8. வேதியியல் பேராசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"கடைசி மேசை, இங்க வாம்மா."

அவள் வந்து நின்றாள். வாயே திறக்கமாட்டாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'மியூட்' என்று பெயர்.

"கண்ணாடி மாத்தணுமா உனக்கு? ஊருக்கெல்லாம் ஒரு கணக்கு, உனக்கு மட்டும் தனிக் கணக்கா?"

வகுப்பு சிரித்தது.

"மூணு தடவை செஞ்சேன் சார். மூணு தடவையும் அதுதான் வந்துச்சு."

"அப்போ மூணு தடவையும் தப்பா செஞ்சிருக்க. அந்த அமிலத்த என் கையால தயார் பண்ணேன். இருபது வருஷமா 19.6தான் வருது. எனக்கே பாடம் எடுக்கறியா?"

பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். இந்த மதிப்பெண்ணில் தேறாவிட்டால் அவளுக்கு ஓராண்டு வீண். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இடத்துக்குப் போனாள். அழவில்லை.

எல்லோரும் போனபின் அவர் மற்ற நோட்டுகளைப் புரட்டினார். 19.6, 19.6, 19.6. எல்லாவற்றிலும் அதே மூன்று எண்கள். கையால் செய்கிற வேலையில் ஒரு துளியாவது முன்பின் ஆகும். அவள் நோட்டில் ஆகியிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது: 16.8, 16.7, 16.8.

பாட்டிலில் மீதம் இருந்த அமிலத்தைக் குடுவையில் எடுத்து, அளவுக் கோடுகள் போட்ட நீளக் கண்ணாடிக் குழலான பியூரெட்டின் அடிக்குழாயைத் திறந்தார். காரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சமன் ஆனதன் அடையாளமாகக் குடுவையில் இளஞ்சிவப்பு பரவியபோது அளவு 16.8.

ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டார்.

"அமிலத்துல ஏதாவது கலந்தியாப்பா?"

"இருபத்து நாலு பேருக்குப் பத்தல சார். தண்ணி ஊத்தி நிரப்பினேன். வருஷா வருஷம் அப்படித்தானே. யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே."

அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாகப் பிள்ளைகள் அவர் எண்ணையே அவரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் மகிழ்ந்து போய் 'சரி' போட்டிருக்கிறார். உண்மையாக எழுதியவள் ஒருத்தி. அவளுக்குப் பூஜ்யம்.

அடுத்த வாரம் வேறொரு சோதனை. அவர் நேரே கடைசி மேசைக்குப் போனார். பியூரெட் பூஜ்யக் கோடு வரை நிறைந்திருந்தது. குழாயை அவள் இன்னும் திறக்கவே இல்லை. நோட்டில் அதற்குள் மூன்று அளவுகள்: 22.4, 22.4, 22.4.

"இது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"சீனியர் அக்கா நோட்டுலேருந்து சார்." அவள் மறைக்கவில்லை. "இதுதானே உங்களுக்கு வேணும்."



"போன வாரம் நீ எழுதினதுதான் சரி. நானும் செஞ்சு பாத்தேன். தப்பு என்னோடது. மார்க் லிஸ்ட்லேருந்து அந்தப் பூஜ்யத்த எடுத்துட்டேன்."

"தேங்க்ஸ் சார்." தலை நிமிரவில்லை.

"இத அடிச்சுட்டு இப்ப செய். என்ன வருதோ அத எழுது."

"வர்றத உங்ககிட்ட முதல்ல காட்டிட்டு எழுதட்டுமா சார்?"

மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தாயிற்று. எடுத்துக்கொண்ட மற்றதை எப்படித் தருவது என்று அவருக்குத் தெரியவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"பொய் எழுத உங்களுக்குக் கத்துக்குடுத்தது நான்தான். உண்மையச் சொன்னவளத் தண்டிக்கற வாத்தியார்கிட்ட எந்தப் பிள்ளையும் உண்மையச் சொல்லாது. நீங்க என்னை நம்பணும்னா, முதல்ல நான் உங்கள நம்பியிருக்கணும்."

எங்கோ யாரோ எழுதிய அளவை ரப்பரால் அழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

அவள் குழாயில் விரலை வைத்தாள். வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் துளி இன்னும் விழவில்லை.