முன்னிலை

அந்த உணவகத்தைத் தேடிப் பிடித்தவள் நான்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் புதிதாகத் திறந்திருந்த வியட்நாம் உணவகம். மூங்கில் விளக்கு, பச்சைச் சுவர், குளிர்ந்த அறை. வேறு எந்த ஓட்டலுக்குப் போனாலும் பிரபுவின் அம்மா பழக்கப்பட்டவர்போல ஆர்டர் கொடுப்பார், என் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். இங்கே என்றால் நாலு பேருமே சமமாகத் திண்டாடுவோம். அதுதான் என் கணக்கு.

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊர். அவர்கள் மேலத்தெரு, நாங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். என் அப்பா முருகையன் இருபது வருஷம் பிரபு வீட்டுப் பண்ணையாள். இப்போது சொந்தமாக ஆறு மா நிலம் வைத்து விவசாயம் செய்கிறார். ஆனாலும் மேலத்தெருவில் எட்டு வயசுப் பயல்கூட அவரை 'முருகா' என்றுதான் கூப்பிடுவான். 'வாடா, போடா' என்றுதான் பேசுவான்.

நானும் பிரபுவும் நாலு வருஷமாகப் பழகுகிறோம். கல்யாணப் பேச்சை எடுக்கத்தான் இந்தச் சாப்பாடு. வருவதற்கு முன்பே அவனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"உங்கம்மா எங்கப்பாவ ஒரு தடவ 'வா, போ'ன்னாக்கூட நான் எழுந்து போயிடுவேன். அதுக்கப்புறம் கல்யாணமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"அம்மா சொல்ல மாட்டாங்க எழிலு. நான் பேசிட்டேன்" என்றான்.

என் அம்மா வரவில்லை. "அந்தம்மா எதிர்ல நாற்காலியில உக்காந்தா எனக்குச் சோறு எறங்காதுடி" என்று சொல்லிவிட்டாள்.

பிரபுவின் அம்மா பெயர் நாகம்மாள். அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன்; எங்கள் வீட்டில் எங்களை வளர்த்த விதம் அப்படி. நாங்கள் உள்ளே போனபோது அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பிரபு எழுந்து, "வாங்க மாமா" என்றான். எனக்குப் பாதி உயிர் வந்தது. நாகம்மாள் அப்பாவைப் பார்த்தார்.

"வந்தாச்சா?" என்றார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவள். அந்த 'வந்தாச்சா' எங்கே இடிக்கிறது என்று உடனே பிடிபட்டுவிட்டது. 'வந்தியா' என்று கேட்டால் மகனுக்குக் கொடுத்த வாக்கு போகும். 'வந்தீங்களா' என்று கேட்டால் இத்தனை வருஷத்துக் கௌரவம் போகும். இரண்டும் போகாமல் 'வந்தாச்சா'. யார் வந்தது என்று அந்தச் சொல்லிலேயே இல்லை.

"வந்தாச்சுங்கம்மா" என்று அப்பா நின்றார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"பஸ்ஸுல கூட்டமோ?"

"ஆமாங்கம்மா."

"சம்பாவுக்கு நாத்து விட்டாச்சா?"

"போன வாரந்தாங்கம்மா."

கெட்டிக்காரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். 'அவர்' போய் ஒரு நொடி 'அவள்' வந்துவிட்டது. முன்னிலை என்ற ஒன்றே இல்லாமல் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் தமிழ் பேச முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிமாற வந்த பெண்ணின் சட்டையில் 'பரிதி' என்று பெயர் குத்தியிருந்தது. தட்டில் வட்ட வட்டமாகக் கண்ணாடி மாதிரி ஏதோ அடுக்கி வைத்தாள். "இது அரிசித் தாள். தண்ணியில நனைச்சு, கீரை, கோழி எல்லாம் உள்ள வச்சுச் சுருட்டிச் சாப்பிடணும்" என்றாள். நாகம்மாள் நனைக்காமலே ஒன்றைக் கடித்தார். படக்கென்று உடைந்தது. மென்று பார்த்தார்.

"பொரிக்காத வடாமாட்டம்ல இருக்கு" என்றார்.

அப்பா சிரித்துவிட்டார். நாகம்மாளும் லேசாகச் சிரித்தார். அந்த ஒரு நிமிஷம், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன் என்பதை மறைக்க மாட்டேன். அப்பா ஒரு தாளை நனைத்து, பதமாகச் சுருட்டித் தன் தட்டில் வைத்துக்கொண்டார். பிரபு இரண்டு குச்சிகளோடு மல்லுக்கட்டினான்.

பிறகு அந்தச் சட்டி வந்தது. மேசை நடுவில் சின்ன மின்னடுப்பு, அதன்மேல் கோழிச் சாறு தளதளவென்று கொதித்தது. சேமியாவையும் கீரையையும் அதில் போட்டு, வெந்ததும் அவரவர் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் ஒரே சட்டி. நாகம்மாளின் கண் அந்தச் சட்டியிலிருந்து அப்பாவின் கைக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்தேன்.

"ஆறிடும். எல்லாரும் சாப்பிடுங்க" என்றார் அவர்.

'எல்லாரும்.' அந்த 'ங்க' அப்பாவுக்கு இல்லை, கூட்டத்துக்கு. அதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"மாமாவுக்கு நான் போடுறேன்" என்று பிரபு எழுந்தான். அகப்பையை எட்டிச் சட்டிக்குள் விட்டான். அது சட்டியின் காதில் மாட்டியது. மாட்டியது தெரியாமல் அவன் இழுத்தான். சட்டி அடுப்பிலிருந்து நழுவி அப்பா பக்கமாகச் சாய்ந்தது.

"முருகா! தள்ளுடா!"

கத்தியது நாகம்மாள் இல்லை. பிரபு.

அப்பா நாற்காலியோடு பின்னால் துள்ளினார். கொதிக்கும் சாறு மேசையில் கொட்டி, விளிம்பில் வழிந்து தரையில் விழுந்தது. மணிக்கட்டில் மட்டும் கொஞ்சம் தெறித்தது. துள்ளின துள்ளலிலேயே அப்பாவின் வாய், அவரைக் கேட்காமலே, பதில் சொல்லிவிட்டது.

"சரிங்க சின்னையா."

பரிதி துணியோடு ஓடி வந்து பாதியில் நின்றாள். பிரபுவுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை. "கை சுட்டுடுச்சா மாமா? சுட்டுடுச்சா?" என்று பதறிக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து பையை எடுத்தேன். சாயங்காலம் முழுக்க நான் காவல் காத்தது தப்பான வாசலை.

"என்ன எழில்?" என்றான் பிரபு.

"இப்ப எங்கப்பாவ என்னன்னு கூப்பிட்டீங்க?"

அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் போனது. அதற்குள் நாகம்மாள் முந்திக்கொண்டார்.

"சூடு பட்டுடப் போவுதேன்னு பதட்டத்துல சாமியக் கூப்பிட்டிருக்கான். முருகான்னு சொன்னது ஒரு குத்தமா?"

"சாமிய யாரும் தள்ளுடான்னு சொல்றதில்லீங்க" என்றேன்.

நான் பிரபுவையே பார்த்தேன். அவன் அம்மா ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். 'ஆமாம், சாமியத்தான்' என்று சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவன் முகத்தில் நான் இனி முழித்திருக்க மாட்டேன்.

"சாமிய இல்லம்மா" என்றான் பிரபு. "இவரத்தான் கூப்பிட்டேன். சின்ன வயசுல கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டேன்."

"வாங்கப்பா, போலாம்" என்றேன்.

அப்பா எழவில்லை. சிவந்திருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள சொன்னதுகூடப் பரவால்ல எழிலு" என்றார் மெதுவாக. "நானும்ல சரிங்க சின்னையான்னேன்."

அப்பா நிமிர்ந்து, தலையைத் தொங்கப் போட்டு நின்றுகொண்டிருந்த பிரபுவைப் பார்த்தார்.

"உக்காரு தம்பி" என்றார்.

அந்த வீட்டு ஆளிடம் அப்பா 'ங்க' போடாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாகம்மாள் வெடுக்கென்று நிமிர்ந்தார். பிரபு உட்கார்ந்தான். பிறகு அப்பாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"தள்ளிக்குங்க மாமா."

சாறு எப்போதோ தரைக்குப் போய்விட்டது. தள்ளிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அப்பா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பரிதி மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள். மிஞ்சியது அரிசித் தாளும் கீரையும்தான். தன் தட்டில் சுருட்டி வைத்திருந்ததை அப்பா எடுத்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு அதை நாகம்மாளின் தட்டில் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்க சம்பந்தியம்மா."

நாகம்மாள் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பதில் சொல்வது என்று அவர் தேடுவது எனக்குத் தெரிந்தது. 'சாப்பிடலாமே', 'சாப்பிட்டா ஆச்சு', எத்தனையோ இருக்கின்றன. அவர் தேடி முடிக்கட்டும் என்று நான் பையோடு நின்றேன்.

அவர் அதைக் கையில் எடுத்தார்.

"நீங்களும்" என்றார்.

நான் உட்கார்ந்தேன்.