முதலில் சுவரைக் கழியுங்கள்

திங்கட்கிழமை முதல் நான் சுவர் என்று உத்தரவு வந்திருந்தது. காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சாப்பாடு கொண்டுவரத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

உத்தரவு போட்ட ஒளி அளக்கும் அலுவலகத்துக்குச் சண்டை போடவே போனேன். வாசலில் நின்று பார்த்தால் தாழ்வாரம் நாற்பது அடிதான். நடக்க நடக்க இரண்டு பர்லாங்கு ஆனது. எதிர்வீட்டுப் பரமானந்தமும் கூட வந்தார். நல்ல பருமன். விளக்கடித்தால் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிப்பார். அந்த ஜொலிப்பைப் பார்த்தே, வகுத்துக்கூடப் பார்க்காமல், அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் தரக் கூப்பிட்டிருந்தார்கள்.

அதிகாரி குணபூஷணி மேடத்தின் நுண்ணோக்கி மாடி உயரம் இருந்தது. எங்களைக் கண்ணாடித் தகட்டில் படுக்கச் சொன்னார். ஆளுக்கு இரண்டு படம் எடுத்தார். ஒன்று நீல வடிகட்டி வழியாக, இன்னொன்று மஞ்சள் வழியாக.

விதி எளிது. உள்ளே உயிர் துடித்தால் நீல ஒளி மஞ்சளுக்குக் கைமாறும். மஞ்சளை நீலத்தால் வகுத்தால் துடிப்பு தெரிந்துவிடும். ஆள் பருமனா ஒல்லியா என்பதெல்லாம் வகுக்கும்போது அடிபட்டுப் போகும். பதினோரு வருடம் இதே வேலை பார்த்தவள் நான். அதனால்தான் அவ்வளவு கோபம்.

"அமிர்தவல்லி, உங்க மஞ்சள் இருபத்தி நாலு, நீலம் இருபத்தி ரெண்டு" என்றார் மேடம். "வகுத்தா ஒண்ணு. சுவருக்கும் ஒண்ணு. அப்ப நீங்க சுவர்தானே?"

"ஒண்ணு சொச்சம் வரும் மேடம்."

"சொச்சத்த நாங்க எடுத்துக்கறதில்ல."

"சுவர்ல நிம்மதியா இருக்கலாம் தங்கச்சி" என்றார் பரமானந்தம். "வருஷத்துக்கு ஒருக்க வெள்ளை அடிப்பாங்க."

எனக்கு அழுகை வந்தது. மகளுக்கு ஒன்பது வயது. சுவரால் ரெட்டைச் சடை போட முடியாது. பிறகு கோபம் அழுகையை முந்திக்கொண்டது.

"சுவரோட வெளிச்சத்தக் கழிச்சீங்களா?"

"எதுக்குக் கழிக்கணும்?"

"ஆளே இல்லாத எடத்துலயும் இருபது காட்டுது. அது என்னோடது இல்ல. என் ரெண்டு படத்துலயும் வந்து உக்காந்திருக்கு. மொதல்ல அதத் தூக்குங்க. அப்புறம் வகுங்க."

மேடம் கழித்தார். மஞ்சள் நான்கு. நீலம் இரண்டு. வகுத்தார். இரண்டு.

திரையில், துடிப்பைக் காட்டும் நிறத்தில், நான் சிவந்தேன். குதிகால் முதல் உச்சந்தலை வரை சிவப்பு. மேடம் கணக்கை இன்னொரு முறை போட்டார். மறுபடியும் இரண்டுதான். கல்யாணத்தன்றுகூட எனக்கு இப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

"என்னோடது?" என்றார் பரமானந்தம்.

இரண்டு படத்திலும் இருநூற்று இருபது. கழித்தால் இருநூறுக்கு இருநூறு.

"ஒண்ணு" என்றார் மேடம். சான்றிதழை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

அடுத்து சுவரின் கணக்கைத் திருத்தினார். இருபதில் இருபது போனால் சைபர் என்று எழுதினார். சுவர் இல்லாமல் போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"திங்கக்கெழம நான் எங்க வந்து சேரணும் மேடம்?"

"சேர்றதுக்கு ஒண்ணும் இல்லயேம்மா."

சுவர் இருந்த இடத்தின் நடுவே நடந்து வெளியே வந்தேன். நல்ல வெயில். பரமானந்தம் மட்டும் கதவைத் தேடிக்கொண்டிருந்தார்.