பந்தைப் பார்க்காத ஐந்து பேர்

கடிகாரத்தில் ஒன்பது வினாடி மிச்சம். ஒரே ஒரு புள்ளி முன்னிலை. பந்தோ எதிரணியின் கையில்.

மருத்துவமனைப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச், அதே மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மடங்காத முழங்கால்களை மடங்க வைப்பது அவள் வேலை. டைம் அவுட் கேட்டுவிட்டு நிற்கையில் அவள் முழங்காலே விறைத்துப்போயிருந்தது. கேலரியில் சூப்பிரண்டென்ட் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்குத் தோத்தா டீமைக் கலைச்சிடுவேன்மா. உங்களுக்கு ஷிஃப்ட் மாத்திக் குடுத்தே என் முடியெல்லாம் கொட்டிருச்சு" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். கொட்டுவதற்கு அவருக்கு முடி இருந்ததை யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆறு வாரமாக அவள் பழக்கியது ஒன்றே ஒன்று. பந்து கூடையை நோக்கிக் கிளம்பியதும் எல்லார் கண்ணும் அதன் பின்னாலேயே போகும். அது உடம்பின் சுபாவம். குறி தப்பி வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து, அதாவது ரீபவுண்ட், உயரமானவளுக்குத்தான் என்பார்கள். உண்மையில் அது நல்ல இடத்தில் நிற்பவளுக்குத்தான். எனவே பந்தைப் பார்க்காதே. நீ மறிக்க வேண்டிய ஆளைத் தேடு, அவளுக்கு முதுகைக் கொடு, இடுப்பைத் தாழ்த்தி, காலை அகட்டி நில். தாழ்ந்து நிற்பவளைத் தள்ளுவது சுவரைத் தள்ளுவது மாதிரி. "முதுகு!" என்று ஒரு குரல் கொடுத்தால் ஐந்து பேரும் திரும்புவார்கள். இத்தனை குள்ளமான அணி இறுதி ஆட்டம் வரை வந்தது அதனால்தான்.

கெடுத்தவளும் அவளேதான். கடைசிக் கால் பகுதியில் ஒன்பது புள்ளி முன்னிலை இருந்தபோது, சூப்பிரண்டென்ட் மேலேயிருந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவள் பதறிப்போய், "வேகமா ஓடு! தூரத்துல இருந்து போடு! நடுவுல அடை!" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினாள். எதைக் கேட்பதென்று தெரியாமல் ஐந்து பேரும் பழையபடி பந்தை அண்ணாந்து பார்த்தார்கள். தப்பிய பந்து நான்கு முறை எதிரணிக்கே போனது. எட்டுப் புள்ளி கரைந்தது.

"அக்கா, இவங்ககிட்ட சொல்ல ஏழு விஷயம் எழுதியிருக்கேன். சீக்கிரம் சொல்லு." உதவிக்கு வந்த தம்பி நோட்டை நீட்டினான். அணியில் அவன் பெயரே டயரி.

"ஏழா? நீ ரெண்டாவதைப் படிக்கிறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிடும்" என்றாள் கேப்டன். ஆம்புலன்ஸ் ஓட்டுபவள்; வாயும் சைரன்தான்.

எக்ஸ்ரே எடுக்கும் பெண் முகத்தைத் துடைத்தாள். "நான் மறிக்கிறவ என்னைவிட ஒரு சாண் உசரம் மேடம்."

ஏழும் கோச்சின் நாக்கு நுனிக்கு வந்தன. ஐந்து முகங்களையும் பார்த்தாள். அறுவை சிகிச்சைக்குப் பின் முதன்முதலாக எழுந்து நிற்பவர்களின் முகம் அது. அவர்களிடம் விரல், முட்டி, மூச்சு என்று ஒரேயடியாகச் சொன்னால் விழுந்துவிடுவார்கள். நோட்டை மூடினாள்.

"முதுகு. வேற எதுவும் வேண்டாம்."

"அக்கா, பந்து உள்ள விழுந்துட்டா?"

"விழுந்தா பழி என் மேல. வெளிய வந்தா, அது இவங்களோடது."

விசில். பந்து இரண்டு கை மாறியது. ஆறு, ஐந்து, நான்கு. எதிரணிப் பெண் எம்பி எறிந்தாள். அரங்கமே அண்ணாந்தது. கோச் மட்டும் முதுகுகளைத் தேடினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எக்ஸ்ரே பெண்ணின் மோவாய் மேலே போய்க்கொண்டிருந்தது.

"முதுகு!"

மோவாய் இறங்கியது. அவள் சட்டென்று திரும்பினாள், இடுப்பு தாழ்ந்தது.

வளையத்தில் ணங்கென்று ஒரு சத்தம். பிறகு தரையில் தொப். யாரும் தொடவில்லை. பத்துப் பெண்கள் ஒருவரையொருவர் நெருக்கித் திணற, நடுவில் பந்து தன்பாட்டுக்குக் குதித்தது. தொப். மூன்றாவது சத்தம் ஆட்டம் முடிந்த மணியோசையில் அமுங்கிப்போனது.

"அக்கா, இந்த ரீபவுண்டை யார் பேர்ல எழுத?"

ஆம்புலன்ஸ்காரி அதற்குள் கேலரியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்: "சார்! அடுத்த வாரமும் ஷிஃப்ட் மாத்தணும்!"

 கோச்சின் முழங்கால் அப்போதுதான் மடங்கியது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.