அக்கா அப்டேட் செய்த ஃபோல்டர்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெரிதாக யோசித்து எழுதியதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். (அது ஒரு தபால்காரரைப் பற்றியது. பாதியில் செத்துவிட்டது. தபால்காரர் அல்ல, கதை.) அக்கா முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். தனியாக இருக்கிறவர்கள் அப்படிச் சிரிப்பதில்லை. எட்டிப் பார்த்தால், நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். கிட்டே போன பிறகுதான் அதில் பாதி அழுகை என்று தெரிந்தது.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடா," என்றாள். "ஒண்ணுமே ஆகல. அதுக்குத்தான்."

ஒன்றுமே ஆகாததற்காக ஒருத்தி அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. தபால்காரரை அங்கேயே விட்டுவிட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், இருட்டறை ஒன்றில், முகம் தெரியாத ஒருவன் விஷமப் புன்னகையோடு கீபோர்டில்

நிறுத்திவிட்டேன். அவன் அறை இருட்டாக இருந்தது என்று எனக்கு யார் சொன்னது? நல்ல வெளிச்சத்தில், டீ குடித்துக்கொண்டு, காலாட்டிக்கொண்டேகூட அந்த வேலையைச் செய்திருப்பான்.

இரண்டாவது தொடக்கம்: "பேக்கேஜ் மேனேஜர் என்பது யாதெனில்

இதற்கு நானே கொட்டாவி விட்டேன். ஆனால் இதைச் சொல்லாமல் கதைக்குள் நுழைய முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஓடும் மென்பொருளை அக்காவின் குழு பார்த்துக்கொள்கிறது. யாரோ மூச்சுத் திணறுகிறது என்று போன் செய்தால், பக்கத்தில் எந்த வண்டி இருக்கிறது என்று திரையில் காட்டுவது அதுதான். அதை முழுக்க அவர்களே எழுதவில்லை. இந்தக் காலத்தில் எவரும் முழுக்க எழுதுவதில்லை. வரைபடம் காட்ட ஒரு துண்டு, நேரம் கணக்கிட ஒரு துண்டு என்று, எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதிப் பொதுவில் வைத்ததை எடுத்துக் கோத்துக்கொள்கிறார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் பேக்கேஜ். அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதும், புதுப் பதிப்பு வந்தால் மாற்றி வைப்பதும் பேக்கேஜ் மேனேஜரின் வேலை. வீட்டுக்குச் சாமான் வாங்கி வரும் ஆள் மாதிரி. சர்க்கரை கேட்டால், அதைப் போட்டு வைக்க டப்பாவும் டப்பாவுக்கு மூடியும் தானாகவே வாங்கி வந்துவிடுவார். எந்தக் கடையில் வாங்கினார் என்று நாமும் கேட்பதில்லை.

ஆடிட் என்று இன்னொன்று உண்டு. நம்மிடம் உள்ள பேக்கேஜ்களில் எதன் மீதாவது புகார் வந்திருக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லும். வந்திருந்தால் சிவப்பு. வராவிட்டால் பச்சை. பச்சை என்றால் குறையே இல்லை என்று பொருளல்ல. இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.*

(* என் கதைகளைப் படித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்கிற நண்பர்களுக்கும் இது பொருந்தும்.)

3

அக்காவுக்குச் சிவப்பைக் கண்டால் ஆகாது. புதுப் பதிப்பு வந்த அன்றே மாற்றியாக வேண்டும். குழுவில் இதற்கு ஒத்துப்போகாதவர் ஒருவர் இருந்தார். அக்கா அவருக்கு வைத்த பெயர் நத்தை. அவர் காதில் விழாமல்தான் அப்படிச் சொல்வாள். ஆனால் குழுவில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

சிரிப்புக்கு முந்தின நாள் இருவருக்கும் வீடியோ அழைப்பில் வாக்குவாதம்.

"மேடம், அந்த மேப் பேக்கேஜ் நேத்துதான் வந்திருக்கு. ஒரு வாரம் ஆறட்டுமே," என்றார் நத்தை.

"சூடாவா இருக்கு, ஆறுறதுக்கு?"

"வேற யாராவது போட்டுப் பாக்கட்டும். பிரச்சனைன்னா அவங்க முதல்ல கத்துவாங்க. நாம ஏன் மேடம் முந்திக்கணும்?"

"எல்லாரும் இப்படியே உக்காந்திருந்தா யார்தான் கத்துறது? பழசுல ஓட்டை இருக்குன்னு ஆடிட் சொல்லுது. ஓட்டையை வச்சுக்கிட்டு ஒரு வாரம் தூங்கச் சொல்றீங்களா?"

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடத் தலைவலி வேறில்லை. ஒருவரை முட்டாளாக்கினால் சுலபமாக முடித்திருப்பேன், அக்கா விடவில்லை.

அழைப்பு முடிந்ததும் அக்கா மேலதிகாரிக்கு போன் போட்டாள். "அவரை வேற டீமுக்கு மாத்திடுங்க சார். நல்ல மனுஷன்தான். என் வேகத்துக்கு ஒத்து வரல." பிறகு, யாரையும் நம்பிப் பயனில்லை என்று, அப்டேட்டைத் தானே செய்ய உட்கார்ந்தாள்.

திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்றில் உண்மையான மென்பொருளின் ஃபோல்டர். இன்னொன்றில், புதிதாகச் சேருகிறவர்கள் பழகுவதற்காக வைத்திருந்த ஒரு பழைய நகல். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை எழுத்து. வரியின் இடது ஓரத்தில் உள்ள ஃபோல்டர் பெயர் மட்டும் வேறு. கோபத்தில் இருந்த அக்கா இடது ஓரத்தைப் பார்க்கவில்லை. கட்டளையைத் தட்டினாள். எல்லாம் மளமளவென்று மாறியது. ஆடிட் செய்தாள். பளிச்சென்று பச்சை.

"அப்டேட் முடிஞ்சது, ஆடிட் க்ளீன். சர்வர்ல ஏத்திடுங்க," என்று நத்தைக்குச் செய்தி அனுப்பினாள். அந்தச் செய்தியில் கொஞ்சம் இறுமாப்பும் இருந்தது என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

[அனுபவசாலி ஒருத்தி இப்படிச் செய்வாளா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "இந்த வேலையில இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது தப்பான ஃபோல்டர்ல தட்டியிருப்பாங்க. இல்லன்னு சொல்றவங்க கவனிச்சிருக்க மாட்டாங்க," என்றாள்.]

4

மறுநாள் காலை செய்தி வந்தது. அந்த மேப் பேக்கேஜை எழுதியவரின் பாஸ்வேர்டை எவனோ திருடி, அவர் பெயரிலேயே புதுப் பதிப்பை வெளியிட்டிருக்கிறான். உள்ளே விஷம். அதைப் போட்டவர்களின் சர்வர் சாவிகளெல்லாம் அவன் கைக்குப் போய்விடும். அப்புறம் அவன் நினைத்தால் எதையும் முடக்கலாம்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போட்டது வேறு யாருமில்லை. வேண்டாம் என்று ஒருவர் சொல்லச் சொல்ல, தன் கையால் போட்டவள் அவள். கட்டுப்பாட்டு அறையில் திரைகள் வரிசையாக அணைவதும், போனை எடுத்த பெண் வண்டி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் விழிப்பதும், அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் யாரோ தரையில் கிடப்பதும் அவள் கண்முன் வந்தன. சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்தாள்.

பழையது.

நம்பவில்லை. மறுபடி பார்த்தாள். பழையதுதான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். மாறவில்லை. முந்தின நாள் தன் கண்ணால் பார்த்த பச்சை எங்கே போயிற்று என்று தேடி, மற்ற ஜன்னலில் மேலே தள்ளிக்கொண்டே போனாள். அங்கே இருந்தது, அவள் தட்டிய கட்டளை, அதற்குக் கீழே பச்சை, இடது ஓரத்தில் பழகும் நகலின் பெயர். மேப் சேர்ப்பதற்கு முன்பே எடுத்த அந்த நகலில் மேப் என்பதே கிடையாது. விஷம் அவள் வாசலுக்கு வந்து, வீட்டு நம்பர் மாறிப்போய்த் திரும்பிவிட்டது.

நான் கேட்ட சிரிப்பு அதுதான். அப்படி ஒரு ஆறுதல் அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லையாம்.

5

கதை இங்கே முடிந்திருக்கலாம். மேலதிகாரி போன் செய்துவிட்டார்.

"பிரமாதம்! அவர் எல்லாத்தையும் சொன்னார். கடைசி நேரத்துல நீங்கதான் நிறுத்தி வச்சீங்களாமே. மேல எல்லாருக்கும் சொல்லிட்டேன். அப்புறம், அவரை மாத்தச் சொன்னீங்கல்ல? இந்த மாசத்துக்குள்ள முடிச்சுடறேன்."

அக்கா, "சரி சார்," என்றாள். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

நடந்தது இதுதான். சர்வரில் ஏற்றும்போது எதுவுமே மாறவில்லை என்பதை நத்தை கவனித்திருக்கிறார். மேடம் தன் பேச்சைக் கேட்டுவிட்டார், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மனமில்லை, அதனால்தான் முடிந்தது என்று சும்மா சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். விட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டு ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார். மறுநாள் மேலதிகாரி விசாரித்தபோது பாராட்டு முழுவதையும் அக்கா பெயரில் எழுதிவிட்டார்.

இந்த ஆளை எனக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு நல்லவரைக் கதையில் வைத்தால், ஆசிரியர் ஏமாற்றுகிறார் என்பார்கள். அதனால் நத்தைக்கு எல்லாம் தெரியும், சமயம் பார்த்துக் காத்திருக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதினேன். ஒல்லியான கழுத்து, தடித்த கண்ணாடி, ஓரக்கண் பார்வை எல்லாம் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டுக் காகிதத்தை மேசையில் போட்டாள்.

"ஆளு நல்லா தாட்டியா இருப்பார். கண்ணாடியே கிடையாது. உன் குறுக்குப் புத்தியை எல்லாம் அவருக்கு மாட்டிவிடாதே."

அந்தப் பக்கம் குப்பைக்குப் போனது. கண்ணாடியும்தான்.

6

முடிவுகள்:

(அ) அக்கா வாயைத் திறக்கவில்லை. நத்தை வேறு குழுவுக்குப் போகிறார். வண்டிகள் ஓடுகின்றன, யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. இந்த முடிவை ஆடிட் செய்தால் பச்சை வரும்.

(ஆ) அக்கா எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொல்கிறாள். ஒரு கணம் அமைதி. பிறகு ஒருவர் மெல்லக் கைதட்ட, எல்லோரும்

வேண்டாம். எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

(இ) பல மாதம் கழித்து நத்தை எதேச்சையாக அந்தப் பழகும் நகலைத் திறந்து

இதுவும் வேண்டாம். அவரை ஏன் பல மாதம் அலைக்கழிக்க வேண்டும்?

இதற்கிடையில் வேறொரு சிக்கல். இந்தக் கதை அச்சானால், அக்கா அலுவலகத்தில் யாராவது ஒருவர் படிக்காமல் இருக்க மாட்டார். அவள் சொல்லாத விஷயத்தை நான் தண்டோரா போட்டதாக ஆகும். அதனால் ஆம்புலன்ஸை வங்கியாகவும் மேப்பைக் கால்குலேட்டராகவும் அக்காவைச் சித்தப்பாவாகவும் மாற்றி ஒரு பிரதி தயார் செய்தேன். உயிரே இல்லை. வங்கி முடங்கினால் எனக்கென்ன வந்தது என்று நானே நினைத்தேன். இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

7

வங்கிப் பிரதியை ஒரு பக்கம் படித்தாள், ஓரமாக வைத்துவிட்டாள். மற்றதை நிதானமாகப் படித்தாள். மூன்றாம் பகுதியில் பென்சிலைக் கேட்டு வாங்கினாள். அங்கே நான், "நாள் முழுக்க உழைத்துக் களைத்த அவள் கை" என்று எழுதியிருந்தேன். (இப்போது தேடாதீர்கள், இருக்காது.) அதை அழுத்தி அடித்தாள்.

"களைப்பெல்லாம் இல்லடா. அவர் மறுத்துப் பேசினதுல கோவம். கோவத்துலதான் பாக்காம தட்டினேன். அதையே போடு."

"போட்டா உன்னை என்ன நினைப்பாங்க?"

"உள்ளதைத்தானே நினைப்பாங்க."

முடிவுகளுக்கு வந்தாள். மூன்றையும் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"யாருக்குக்கா? சாருக்கா?"

"அவருக்கு அப்புறம். முதல்ல இவர்கிட்ட சொல்லணும்." அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேலையா இருக்கீங்களா? ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு நான் நிறுத்தல. நீங்க சொன்னதையும் கேக்கல. இன்னொண்ணும் இருக்கு, அதையும் நான்தான் சொல்லணும், உங்களை மாத்தச் சொல்லி"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஒருத்தி தன் தப்பைச் சொல்லும்போது பக்கத்தில் கதை எழுதுகிறவன் உட்கார்ந்திருக்கக் கூடாது. தெருமுனை வரை போய், பேப்பர் கடையில் வேண்டாத ஒரு பத்திரிகையைப் புரட்டிவிட்டு, கடைக்காரர் முறைத்த பிறகு திரும்பினேன்.

அக்கா சமையலறையில் தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பசிபோல.

"என்ன சொன்னார்?"

"உனக்கெதுக்கு?"

"சார்கிட்டயும் பேசிட்டியா?"

"பேசிட்டேன்."

"அவர்?"

"கையைக் காட்டு, கொஞ்சம் சோறு போடறேன்," என்றாள். "கதையைப் பத்திரிகைக்குக் கொடுத்துடு. ஆம்புலன்ஸ்னே இருக்கட்டும். சித்தப்பாவை எல்லாம் இழுக்காதே. அந்த மூணு முடிவையும் மட்டும் அடிச்சுடு."

அடிக்கவில்லை, அது எனக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு. ஆனால் நான்காவதாக ஒன்றை என்னால் எழுத முடியவில்லை. நத்தை அந்தக் குழுவில் இன்னும் இருக்கிறாரா, அக்கா இன்னும் பொறுப்பாளரா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் பிடித்தபடி எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை, ஒரு வாரம் ஆறப்போட்டுக்கூட எழுதலாம். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: தட்டைக் கழுவி வைத்துவிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டு, அக்கா அந்த மத்தியானம் அடித்துப்போட்டது போலத் தூங்கினாள்.